நிழல் பொறுக்குகிறவன் சொன்னது

அவர் போன பிறகு, அந்தப் படத்தைப் பாருங்கள் என்று நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. பல் டாக்டரிடம் சொன்னேன். மாடி வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். எங்கள் பட்டறையில் பாலீஷ் போடுகிறவரிடமும் என் நாத்தனாரிடமும் விடாமல் சொன்னேன். ஸ்பானிஷ் படம், பூதமெல்லாம் வரும், ஆனால் பேய்ப் படம் இல்லை, ஒரு தடவை பாருங்கள் என்று ஏதோ நானே காசு போட்டு எடுத்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். மருந்துக்கடையில் வேலை. கடையிலேயே, கையில் யாருக்கோ எடுத்த மாத்திரை அட்டையோடு, மாரடைப்பில் போய்விட்டார். நான் அழவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் என் தோளைப் பிடித்து உலுக்கி, அழுதுடும்மா, அழுதுடு என்றார்கள். என்னமோ நான் ஒளித்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்பது போல. பிறகு அவர்களே ஓரமாகப் போய், பொம்பளைக்கு நெஞ்சழுத்தம் என்று பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

கால் மரத்துப்போனால் உதறினால் சரியாகிவிடும். எனக்கு எதை உதறுவது என்றே தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டேன். வேலைக்குப் போனேன், வந்தேன். அவருடைய சட்டைகளை மடித்து ஒரு பையில் போட்டபோது, துணிக்கடைப் பெண் மடிக்கிற மாதிரிதான் மடித்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் செயற்கைக் கண் செய்கிறவள். கண்ணை இழந்தவர்கள் வருவார்கள். குழிக்கு அச்சு எடுத்து, மெழுகில் வார்த்து, போட்டுப் பார்த்து, கடைசியில் பிளாஸ்டிக்கில் வெள்ளை விழி செய்து, அதன் மேல் கருவிழியை வரைய வேண்டும். கருவிழி என்று பெயர்தானே தவிர, கறுப்பாக யாருக்கும் இருப்பதில்லை. பழுப்பு, தேன், சாம்பல், ஓரத்தில் ஒரு நீல வளையம் என்று ஆளுக்கு ஆள் வேறு. ஜன்னல் வெளிச்சத்தில் ஆளை உட்கார வைத்து, இருக்கிற கண்ணைப் பார்த்துப் பார்த்து, மூன்று முடி உள்ள தூரிகையால் வரைவேன். பிறகு சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, இழை இழையாக ஒட்டி நரம்பு வைப்பேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, இந்தக் கண்ணில் தண்ணீர் வருமா என்பது. வரும், கண்ணீர்ச் சுரப்பி வேறு இடத்தில் இருக்கிறது, அது பாட்டுக்கு வேலை செய்யும் என்று சொல்வேன். நான் செய்கிற பொய்க் கண்ணிலேயே தண்ணீர் வருகிறது. சொந்தக் கண் இரண்டை வைத்துக்கொண்டு எனக்குத்தான் வரவில்லை.

இந்த வேலையில் சாயங்காலம் ஆனால் கண் எரியும். எழுத்தெல்லாம் நெளியும். வீட்டுக்கு வந்ததும் ஒரு துணியை நனைத்து, பிழிந்து, கண் மேல் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிடுவேன். அவருக்கோ படப் பைத்தியம், அதிலும் வெளிநாட்டுப் படம். எனவே எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. அவர் சப்டைட்டிலைப் படித்துத் தமிழில் சொல்லுவார், நான் கேட்பேன். நடுநடுவே துணியைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். பாதிக்கு மேல் எனக்குக் காதால் பார்த்த படங்கள்தான். டாக்டர் கிறுக்கலைப் பார்த்து, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம் என்று கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுகிற அதே குரலில், நான் உன்னைக் கொல்லாமல் விட மாட்டேன் என்பார். வில்லன் பாவமாகத் தெரிவான்.

அப்படிக் கேட்டதுதான் அந்த ஸ்பானிஷ் படம். அதன் பேர் என் வாயில் நுழையாது. மூட்டைக்காரன் படம் என்றுதான் வீட்டில் சொல்வோம். கதை இதுதான். மூடுபனி விலகாத ஓர் ஊர். அங்கே யாராவது செத்தால் உடம்பை எடுத்துப் போன பிறகும் நிழல் மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும். சுவரில், கட்டிலில், கதவுக்குப் பின்னால். சில நாளில் ஒருவன் வருவான். பனைமர உயரம், முகம் முழுக்கத் துணி சுற்றியிருக்கும், தோளில் ஒரு மூட்டை. நிழலைச் சுருட்டி மூட்டையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். துணி வெளுக்கிற ஒருத்தி, செத்துப்போன தன் புருஷனுடைய நிழலை அவனுக்குக் கொடுக்காமல் பெட்டியில், துவைத்த துணிகளுக்கு நடுவே மடித்து ஒளித்து வைத்துவிடுகிறாள். நிழல் கசங்கத் தொடங்குகிறது. ராத்திரியில் பெட்டிக்குள் இருமுகிறது. அவள் வெளுக்கிற துணியிலெல்லாம் கறை படிகிறது. ஊரே அவள் மேல் பாய்கிறது. கடைசியில் அவளே மழையில் நனைந்துகொண்டு, பெட்டியைச் சுமந்துகொண்டு கல்குவாரிக்குப் போய் அவன் முன்னால் நிற்கிறாள். திறக்கிறாள், ஆனால் கையை எடுக்க மாட்டேன் என்கிறாள்.

அந்த இடத்தில் அவன் பேசுவான். அந்தப் பேச்சில்தான் நான் அழுவேன்.

முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தது என் அப்பா போன சமயத்தில். அப்போதும் எனக்கு இதே வியாதி, அழுகை வரவில்லை. ஒரு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளை, கண்ணில் துணியைப் போட்டுக்கொண்டு சும்மா கேளு என்று அவர்தான் உட்கார வைத்தார். மூட்டைக்காரன் பேசியதும் துணிக்கடியில் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. துணியின் ஈரமா கண்ணின் ஈரமா என்று எனக்கே தெரியாத அழுகை. அதற்குப் பிறகு எத்தனை தடவை பார்த்தோமோ அத்தனை தடவையும் அதே இடத்தில் அழுகை. அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். யாராவது அழுதால் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைப்பார்.

ஆக, என்னிடம் ஒரே ஒரு மருந்து பாக்கி இருந்தது. போட்டுப் பார்க்கத்தான் பயம். அந்தப் படத்தைப் பார்த்தும் அழுகை வரவில்லை என்றால்? அதற்குப் பிறகு என்ன இருக்கிறது? கடைசி மாத்திரை கையில் இருக்கிற வரைக்கும் நோயாளிக்கு ஒரு தெம்பு. அதனால்தான் ஊர் முழுக்க அடுத்தவர் வாயில் போட்டு, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்யவில்லை. பாலீஷ்காரர் பார்த்துவிட்டு வந்து, பூதம் நல்லா இருந்துச்சு, ஆனா கடைசியில ஒண்ணுமே நடக்கலையே, சும்மா நின்னுக்கிட்டே இருக்காங்க என்றார். ரசனை கெட்ட ஆள் என்று நினைத்துக்கொண்டேன். பல் டாக்டர் நேரமில்லை என்றார். மாடி வீட்டுப் பெண்ணின் பிள்ளைகள் முதல் காட்சியிலேயே வீறிட்டன, அதோடு அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

நாத்தனார் கதை இன்னும் மோசம். அவர் தங்கை. லீவு நாளில் எனக்குத் துணைக்கு என்று வருவாள். துணைக்கு வந்து சோபாவில் படுத்துத் தூங்குவாள். அவளைக் கூடத்தில் உட்கார வைத்துப் படத்தைப் போட்டுவிட்டு, நான் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியில் நிழல் இருமுவதற்கு முன்பே இவள் குறட்டை. படத்தை நிறுத்திவிட்டு அவள் மேல் போர்வையைப் போர்த்தினேன். வாய்விட்டு அழுதவள் அவள். அண்ணனுக்காக ஒரு மாதம் அழுது ஓய்ந்தவள். தூக்கம் வருவது நியாயம்தான்.

அப்புறம்தான் கப்பல்காரர் வந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரர். தளத்தில் ஏதோ கம்பிக்கயிறு அறுந்து தெறித்ததில் இடது கண் போய்விட்டது. வந்த அன்றைக்கே எனக்கு உத்தரவு போட்டார், நரம்பு கொஞ்சம் தாராளமா வைங்கம்மா, நான் சரியாத் தூங்கிப் பல வருஷமாச்சு, புதுக் கண்ணு மட்டும் தூங்கி எழுந்த மாதிரி இருந்தா ஊர் சிரிக்கும் என்று. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்தது என்றால், பிடிக்க வேண்டிய ஆள் என்று தெரிந்தது.

வரையும்போது ஆள் அசையக் கூடாது, பார்வை ஓரிடத்தில் நிற்க வேண்டும். அதற்காக நான் கதை சொல்வது வழக்கம். கதை கேட்கிறவர் கண் தானாக நின்றுவிடும். அவருக்கு மூட்டைக்காரன் கதையைச் சொன்னேன். குவாரிக்கு அவள் நடக்கிற இடம் வரைக்கும் சொல்லி, மிச்சத்தை நீங்களே பாருங்கள் என்று பென் டிரைவைக் கையில் கொடுத்தேன். யாரிடமும் அந்தப் பேச்சை நான் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் மருந்து ஆவியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. அவர் பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பானிஷ்னா எனக்கு எழுத்தே வேண்டாம்மா, எங்க கப்பல்ல பாதிப் பேரு அந்தப் பாஷைதான், திட்டுறதுலேர்ந்து தாலாட்டு வரைக்கும் அத்துப்படி என்றார்.

கண்ணைப் பொருத்துகிற நாளில் சரியாக வந்தார். இமையைத் தூக்கி உள்ளே வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். இவனும் தூங்கல என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அவராகவே படத்தைப் பார்த்துவிட்டேன் என்றார். நல்ல படம், அந்தப் பொம்பளை நடிப்பு ரொம்ப நல்லா இருந்தது, பெட்டிக்குள்ள இருமுற இடத்தில் எனக்கே முதுகு சில்லிட்டது என்றெல்லாம் சொன்னார். நான் ஓரத்தைத் தேய்க்கிற சாக்கில் குனிந்துகொண்டே, கடைசியில் அவன் பேசுவது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"யாரு பேசுறது?"

"மூட்டைக்காரன். குவாரியில."

அவர் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார். ஒன்று நான் செய்தது. இரண்டும் ஒரே மாதிரி பார்த்தன. வேலை சுத்தம்தான்.

"அவன் படம் முழுக்கப் பேசவே இல்லையேம்மா. அங்க காத்துதான் ஊளையிடுது. அந்தம்மா ரொம்ப நேரம் நிக்குது, அப்புறம் தானா கையை எடுக்குது. அவ்வளவுதான்."

நான் வேறு படத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று கேட்டேன். இல்லை, நீங்கள் சொன்ன கதைதான் என்றார். தூங்கியிருப்பீர்களோ என்று கேட்டேன். அதற்குத்தான் நரம்பு வைத்திருக்கிறீர்களே என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அவன் பேசியதாக யார் சொன்னது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். அவர் போய்விட்டார் என்பதையும் சொன்னேன். அச்சு எடுக்க வர வேண்டிய தேதியைச் சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

அவர் கண்ணாடியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "அப்ப நான் பார்த்தது வேற படம்மா. நீங்க பார்த்தது எங்க தேடினாலும் கிடைக்காது."

அவர் போன பிறகு கருவிகளைக் கழுவி வைத்தேன். தூரிகைகளைத் துடைத்தேன். பாலீஷ்காரர் டீ வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொண்டு வந்ததும் குடித்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் மருந்துக்கடை ஞாபகம் வந்தது. நான் கடைக்குப் போன நாட்களில் பார்த்திருக்கிறேன். டாக்டர் எழுதியதைப் படித்துச் சொல்லி முடித்ததும், இவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வார். வெயில்ல அலையாதீங்க. மாடிப்படி ஏறும்போது மெதுவா. பேரப்பிள்ளையைத் தூக்காதீங்க கொஞ்ச நாள். எந்த டாக்டர் அதையெல்லாம் எழுதுகிறார்? ஆனால் சீட்டைப் பார்த்துச் சொன்னதால் எல்லோரும் டாக்டரே சொன்னதாக நினைத்து, தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். தன் வார்த்தையாக ஒன்றைச் சொல்ல அந்த மனிதருக்குக் கூச்சம். யார் தலையிலாவது கட்டித்தான் சொல்வார். எனக்கு ஒரு பூதத்தின் தலையில் கட்டியிருக்கிறார்.

இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. ஒருவரின் கண்ணில் எத்தனை நிறம் இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன் என்று பட்டறையில் எனக்குப் பேர். வீட்டில் கண்ணில் துணியைப் போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் லீவு என்று முன்கூட்டியே வந்துவிட்டாளாம். காலையில் சாப்பாடு முடிந்ததும், வா, அந்தப் படத்தைப் பார்க்கலாம் என்றேன். தனியாகப் பார்க்கத் தைரியம் இல்லை என்று சொல்லவில்லை. போன தடவை தூங்கிவிட்டேன் அண்ணி, மன்னிச்சுக்கோங்க, இந்தத் தடவை தூங்கினால் கிள்ளுங்க என்று அவள் கால்களை மடக்கி உட்கார்ந்தாள். நான் கண்ணில் துணி போட்டுக்கொள்ளவில்லை.

முழுசாகக் கண் திறந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊர் நான் நினைத்ததைவிடச் சின்னது. துணி வெளுக்கிறவள் நான் நினைத்ததைவிட வயதானவள். சப்டைட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பல இடங்களில் அவர் சொன்னதுதான் இருந்தது. பெரிய மோசடி ஒன்றும் இல்லை. நாத்தனாருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. எனவே நான் படித்துப் படித்துச் சொன்னேன். யாருடைய இடத்தில் உட்கார்ந்து யாருடைய வேலையைச் செய்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

குவாரி வந்தது. மழை. அவள் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் நிழலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எதிரே அவன், துணி சுற்றிய முகம். கீழே எழுத்து எதுவும் வரவில்லை. காற்று மட்டும் கற்களுக்கு நடுவே புகுந்து தாழ்ந்த குரலில் ஊளையிட்டது. கப்பல்காரர் சொன்னது உண்மை. வெறும் காற்று. நான் உள்ளே தேடிப் பார்த்தேன், அழுகை வருகிறதா என்று. இல்லை. கடைசி மாத்திரையும் போயிற்று என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

"ஏன் அண்ணி, இவன் பேசவே மாட்டானா?" என்றாள் நாத்தனார்.

பேசுவான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அந்த மௌனம் அவ்வளவு நீளம். பக்கத்தில் ஒருத்தி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதல் நாள் அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். திரையைப் பார்த்தபடியே, சீட்டைப் படிக்கிற குரலில் சொல்லத் தொடங்கினேன்.

"கையை எடு. நான் பிடிச்சுக்கிட்டேன், கீழ விழாது. கனமாத்தான் இருக்கும், எனக்குப் பழக்கம். இத்தனை நாள் நீ வச்சிருந்ததே போதும். வீட்டுக்குப் போ. எதையாவது சாப்பிடு."

இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் கன்னத்தில் கை வைத்தபடி, அந்தச் சொட்டுகிற தலைமுடியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஈரத் தலையோட படுக்காதே."

மிச்சமிருந்த வாக்கியம் அதுதான். நான் திரும்பிப் பார்த்தேன்.

"இல்ல அண்ணி, அந்தப் பொம்பளை தலையைப் பாருங்களேன். எங்க அண்ணன் இருந்தா படத்தை நிறுத்திட்டு அதைத்தான் சொல்லும். சின்னப் பிள்ளையில என்னைப் படுக்கவே விடாது, துண்டை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வரும். உங்ககிட்டயும் சொல்லியிருக்குமே?"

சொல்லியிருக்கிறார். தலை குளித்துவிட்டுப் படுத்த ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறார். சொல்லிச் சொல்லி, அது என் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. ஒரு பூதம் சொன்னபோது மட்டும் அழுதிருக்கிறேன்.

திரையில் அவள் கையை எடுத்தாள். நிழல் சத்தமில்லாமல் மூட்டைக்குள் போயிற்று. எனக்கு முதலில் மூக்கு எரிந்தது. பிறகு வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என்னுடையது என்று கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. பிறகு நிற்கவே இல்லை. அவர் போய் இத்தனை நாளுக்குப் பிறகு, பட்டப்பகலில், சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடக்க, சோபாவில் மடங்கி உட்கார்ந்து அழுதேன்.

நாத்தனார் பயந்துபோய், படத்துல என்ன அண்ணி ஆச்சு, எனக்கு ஒண்ணும் புரியலையே என்றாள். என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.